சோளத்தில் சுற்றிய வேன்

கனடாவில் இருக்கும் என் தம்பி ஆசையாக ஒரு ஸ்போர்ட்ஸ் கார் வாங்கினான். ஒருநாள் போனில், "ரோடெல்லாம் பனி கொட்டிக் கிடக்குக்கா. காரோட பின்பக்கம் அப்படியே சுத்திடுச்சு" என்று புலம்பினான். பனி என்றால் எனக்குத் தெரிந்தது மார்கழிப் பனிதான். "அதுல நான் தினமும் வேன் ஓட்டலையாடா?" என்று சிரித்துவிட்டேன்.

மறுநாள் பெரம்பலூரில் காய்கறியை இறக்கிவிட்டு, காலி வேனில் குரும்பலூருக்குத் திரும்பினேன். பாதி ரோட்டில் மக்காச்சோளம் காயப் போட்டிருந்தார்கள். எதிரே வந்த பஸ்ஸுக்கு வழிவிட்டுச் சோளத்தின் மேல் ஏறி நின்றேன். பஸ் போனதும் ஆக்சிலேட்டரை அழுத்தி மிதித்தேன். வேனின் பின்பக்கம் மட்டும் வழுக்கிச் சுற்றி, சோளம் கிளறிக்கொண்டிருந்த பெண்ணுக்கு ஒரு முழம் தள்ளி நின்றது.

"ஏங்க, ஆளு நிக்கிறது தெரியலையா?" என்று கத்தினார். இறங்கி மன்னிப்புக் கேட்டேன். வீடு வந்து சேர்ந்த பிறகும், அதென்ன பின்பக்கம் மட்டும் என்ற கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. தம்பியிடமே கேட்டேன்.

"உன் வேனையும் என் காரு மாதிரி பின்சக்கரந்தான் தள்ளுதுக்கா. பின்னாடி பாரம் இல்லாம அழுத்தி மிதிச்சா, அங்கதான் வழுக்கும்."

இப்போதெல்லாம் காலி வேனில் இரண்டு மணல் மூட்டைகளைப் பின்னால் போட்டுக்கொள்கிறேன். சோளத்தைக் கண்டால் நிறுத்தி, ஒதுக்கச் சொல்லிவிட்டு மெதுவாக நகர்கிறேன்.

"அங்க பனி எப்படிக்கா?" என்று தம்பி கிண்டலாகக் கேட்பான்.

"மஞ்சளா கொட்டிக் கிடக்குடா" என்பேன்.