சிவப்பு ரிப்பன் கட்டிய மரம்

சுகுமாறனால் ஒரு இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். டிவி பார்க்க உட்கார்ந்தால் முதல் விளம்பரத்துக்குள் எழுந்து போய் வாசல் கேட்டுக்கு எண்ணெய் போடுவார். கிள்ளான் துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டுகிறார். அதற்கு முன் பஸ். அதற்கும் முன் தெலுக் பங்லிமா காராங்கில் ஒரு தொழிற்சாலையில் சுமை தூக்கும் போர்க்லிப்ட். "இவர் சும்மா இருந்து நான் பார்த்தது ஆஸ்பத்திரியில மயக்க ஊசி போட்டப்பதான்" என்று மனைவி உஷாராணி வருகிறவர்களிடமெல்லாம் சொல்வார்.

அப்படிப்பட்டவருக்கு மெதுவாகப் போகிற ஒரு மோட்டார் சைக்கிள் விளையாட்டின் மேல் பைத்தியம் பிடித்தது வேடிக்கைதான். 'ட்ரையல்ஸ்' என்பார்கள். ரேஸ் இல்லை. பாறையும் வேரும் ஓடையும் உள்ள இடத்தில் மரத்துக்கு மரம் ரிப்பன் கட்டிக் குறுகலாக ஒரு பாதை போடுவார்கள். வலப்பக்கம் சிவப்பு, இடப்பக்கம் நீலம். நடுவில், இருக்கையில் உட்காராமல் மிதிகட்டையில் நின்றபடி நடை வேகத்தில் ஓட்டிப் போக வேண்டும். கால் தரையில் பட்டால் ஒரு புள்ளி போச்சு. செந்தூலில் ஒரு பட்டறைக்குப் பின்னால் துருப்பிடித்துக் கிடந்த எழுபதுகளின் யமஹா ஒன்றை வாங்கி, கார்புரேட்டரிலிருந்து செயின் வரை தானே மாற்றி ஓட வைத்தார். அதன் மேல் ஏறி நின்றால் மட்டும் அவருக்குள் ஓயாமல் ஓடிக்கொண்டிருக்கும் ஏதோ ஒன்று அடங்கிவிடும். இறங்கியதும் மறுபடி ஓட ஆரம்பிக்கும்.

ஓட்ட இடம் வேண்டுமே. கிள்ளானைச் சுற்றிலும் தட்டைத் தரை. மலைப்பக்கம் போனால் தோட்டக்காரர்கள் விரட்டினார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, வேலியை வெட்டிக் கன்றுகளை மிதித்துப் போன மோட்டார் கும்பல்களைப் பார்த்தவர்கள். கடைசியில் ரவாங் பக்கம் ஒரு குன்றுச் சரிவு கிடைத்தது. மேலே டுரியான் பழ மரங்கள், கீழே பால் வற்றிய வயதான ரப்பர் பால்மரங்கள், நடுவில் ஓடை, யானை படுத்தாற்போல் பாறைகள். பிரிக்பீல்ட்ஸில் அடுக்குமாடி வீட்டில் தனியாக இருக்கும் அலமேலு ஆச்சியின் நிலம் அது. சுகுமாறனும் கூட்டாளி நாகையாவும் கோயிலுக்குப் போவது போல் உடுத்திக்கொண்டு போய்க் கேட்டார்கள்.

"உள்ள போறதுக்கு முன்னாடி எனக்குப் போன் பண்ணணும். நான் சரின்னு சொன்னாத்தான் கேட்டைத் தாண்டணும்" என்றார் ஆச்சி. "திரும்பறப்போ கட்டினதையெல்லாம் கழட்டிட்டு, கழட்டியாச்சுன்னு சொல்லணும். நீங்க வந்து போன அடையாளமே எனக்குத் தெரியக் கூடாது."

சாவியைக் கொடுத்தார். அவர் போய்ப் பார்ப்பதில்லை. சுகுமாறனின் வார்த்தைதான் கணக்கு. மாதத்தில் ஒரு ஞாயிறு நாலைந்து பேராகப் போய் விளையாடிவிட்டு, மோட்டார்களை வேனில் ஏற்றிய பிறகு அவர் போன் போடுவார்.

"கிளம்பிட்டோம் ஆச்சி. எல்லாம் கழட்டியாச்சு, கேட்டைப் பூட்டியாச்சு."

"சரி தம்பி, பார்த்துப் போங்க."

சொல்லிச் சொல்லி, அது யோசிக்காமலே வாயில் வருகிற பேச்சாகிவிட்டது.

ஒரு ஞாயிறு காலை அவர்கள் போனபோது கீழே பால்மரங்களில் சிவப்பு ரிப்பன் கட்டியிருந்தது. "பார்டா, நமக்கு முன்னாடியே எவனோ பாதை போட்டுட்டான்" என்று நாகையா சிரித்தார். அதற்கு மேல் யாரும் அதைப் பற்றி யோசிக்கவில்லை. மேலே டுரியான் மரங்களுக்கு நடுவில் தங்கள் ரிப்பனைக் கட்டிக்கொண்டு விளையாடினார்கள். மதியத்துக்கு மேல் வானம் கறுத்து இடியோடு மழை கொட்டியது. மோட்டார்களை ஏற்றுவதற்குள் எல்லாரும் தொப்பலாக நனைந்தார்கள்.

"மாறா, ரிப்பன் மேலயே இருக்குடா" என்றார் நாகையா.

"அடுத்த வாட்டி கழட்டிக்கலாம்லா. இடி தலையில விழப் போகுது."

கேட்டைப் பூட்டி, வேனில் ஏறி, ஈரக் கையோடு போன் போட்டார். "கிளம்பிட்டோம் ஆச்சி. எல்லாம் கழட்டியாச்சு, கேட்டைப் பூட்டியாச்சு."

"நல்லது தம்பி. நாளைக்கு கன்ட்ராக்டர் கிஷனோட ஆளுங்க பால்மரம் வெட்ட வர்றாங்க. வெட்ட வேண்டிய மரத்துல எல்லாம் சிவப்பு ரிப்பன் கட்டிட்டேன்னு சொன்னார்."

"சரி ஆச்சி" என்று வைத்துவிட்டார். டோல் சாவடியைத் தாண்டும்போதுதான் உறைத்தது. மேலே, காய்க்கிற டுரியான் மரங்களில், அவர் கையால் கட்டிய சிவப்பு.

ஒரு போன் போதும். ஆனால் போட்டால், சற்று முன் சொன்னது பொய் என்று சொல்ல வேண்டும். திரும்பிப் போகலாமென்றால் அதற்கும் அனுமதி கேட்க வேண்டும். எதற்கு என்பார் ஆச்சி. காலையில் வெட்டுகிறவர்களுக்கு முன்னால் போய்க் கழட்டிவிடலாம், யாருக்கும் தெரியாது என்று தீர்மானித்தார். இந்த இடமும் போய்விட்டால் வேறு இடம் கிடையாது.

அன்று இரவுச் சாப்பாட்டில் உஷாராணி மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். "என்ன, இன்னிக்கு ரெண்டு காலும் ஆடுது? பாறையில விழுந்தீங்களா?"

"விழல."

"அப்ப யாரையோ ஏமாத்திட்டு வந்திருக்கீங்க."

சுகுமாறன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் விடிந்தும் விடியாமலும் காரை எடுத்தார். சுபாங் ஜெயா பக்கம் ஏதோ விபத்து. முன்னால் கார்களின் சிவப்பு விளக்குகள் முடிவில்லாமல் நின்றன. ஸ்டியரிங்கைத் தட்டினார், ரேடியோவைப் போட்டார், அணைத்தார். ரவாங் போய்ச் சேர்ந்தபோது ஆச்சியின் கேட்டு விரியத் திறந்து கிடந்தது. உள்ளே கிஷனின் லோரி. கீழ்ச்சரிவிலிருந்து மரம் அறுக்கும் மிஷின் சத்தம்.

இனி ரகசியமாகக் கழட்ட முடியாது. கேட்டுக் கோட்டில் நின்று ஆச்சிக்குப் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அது அவருடைய பூஜை நேரம். மறுபடி போட்டார். ஒன்றை மீறியாகிவிட்டது, இதையாவது மீறக் கூடாது என்று பிடிவாதமாக நின்றார். யாரும் தடுக்கவில்லை. உள்ளே நாலு எட்டு வைத்தால் போதும். காலை மாற்றி மாற்றி நின்றார். கேட்டுக் கம்பியைப் பிடித்தார், விட்டார். மிஷின் சத்தம் கொஞ்சம் ஓய்ந்தது. பிறகு மேற்சரிவிலிருந்து கிளம்பியது.

அப்போதும் போனைத்தான் அழுத்தினார். மரம் முறிகிற சத்தம் கேட்டபோதுதான் ஓடினார்.

டுரியான் மரம் ஓடைக்குக் குறுக்கே கிடந்தது. கிளையெல்லாம் கொத்துக் கொத்தாகப் பூ. அடிமரத்தில் சிவப்பு ரிப்பன் இன்னும் முடிச்சு அவிழாமல் இருந்தது.

"நிறுத்துங்க, இது வெட்டற மரம் இல்லை" என்றார் மூச்சு வாங்க.

கிஷன் திகைத்துப் போனார். "என்ன அண்ணே இது? சிவப்பு கட்டின மரத்தையெல்லாம் வெட்டுங்கன்னுதான் ஆளுங்ககிட்ட சொன்னேன். மேல வேற யாரோ கட்டினது அவங்களுக்கு என்ன தெரியும்? கேட்டுக்கிட்ட இவ்வளவு நேரம் நின்னது நீங்கதானே? உள்ள வந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

மற்ற டுரியான் மரங்களில் இருந்ததை சுகுமாறன் அவிழ்த்தார். மழையில் இறுகிய முடிச்சு அவிழ நேரமானது. அங்கிருந்து நேரே பிரிக்பீல்ட்ஸ் போனார்.

ஆச்சி முழுவதையும் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"மிஷின் சத்தம் உங்களுக்குக் கேட்டுச்சா?"

"கேட்டுச்சு ஆச்சி."

"கேட்டும் வெளியவே நின்னீங்க."

"நீங்க சரின்னு சொல்லலையே ஆச்சி."

"நேத்து உள்ளதைச் சொல்லியிருந்தா நானே கிஷனுக்குப் போன் போட்டிருப்பேன். அதோட முடிஞ்சிருக்கும். அதை விட்டுட்டு என் கேட்டுக்கு மரியாதை பண்ணிட்டு நின்னீங்களாக்கும்."

சுகுமாறன் சாவியை மேசை மேல் வைத்தார். "இனிமே நாங்க வரல ஆச்சி."

"வரலைன்னு சொல்லிட்டா என் மரம் எழுந்து நின்னுடுமா?" ஆச்சி சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டார். "இனி போன் பேச்சு வேண்டாம். அடுத்த மாசம் காலையில வந்து என்னைக் கூட்டிட்டுப் போங்க. நானே திறந்து விடறேன். கடைசி ரிப்பன் அவிழ்க்கிற வரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பேன்."

அடுத்த மாதம் ஆச்சி குடை, பிளாஸ்க், மடக்கு நாற்காலி சகிதம் அடுக்குமாடி வாசலில் தயாராக நின்றார். தோட்டத்துக்குப் போனதும், வெட்டுப்பட்ட மரத்தின் அடிக்கட்டைக்குப் பக்கத்தில், பெரிய பாறைக்கு எதிரே நாற்காலியைப் போடச் சொன்னார். ஆட்களெல்லாம் தலைமையாசிரியை வந்த வகுப்பு மாதிரி அடங்கிப்போனார்கள். முதலில் நாகையா ஏறினார்.

"கால் வச்சுட்டார்" என்றார் ஆச்சி.

"வைக்கல ஆச்சி, சும்மா உரசுச்சு."

"சப்பாத்துல சேறு இருக்கே, அது எங்கிருந்து வந்துச்சு?"

எல்லாரும் சிரித்தார்கள். அடுத்து சுகுமாறன். மிதிகட்டையில் எழுந்து நின்றார். வழக்கமாக அந்த நொடியில் அடங்குகிறது இன்று அடங்கவில்லை. அடிக்கட்டை கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தது. பாறைக்குப் பின்புறம் திரும்பும்போது முன்சக்கரம் வழுக்கியது. இடது கால் தானாக இறங்கி மண்ணைத் தொட்டுவிட்டு ஏறியது. அந்தப் பக்கம் ஆளே இல்லை. நாற்காலியிலிருந்து பார்த்தாலும் தெரியாது.

பாறையைச் சுற்றி வெளியே வந்து இஞ்சினை அணைத்தார்.

"ஒரு கால் ஆச்சி. பின்னால வச்சேன்."

"ஐயோ மாறா, அது யாருக்கும் தெரியாதேடா" என்று முணுமுணுத்தார் நாகையா.

ஆச்சி பிளாஸ்க் மூடியில் காப்பியை ஊற்றிக்கொண்டார். "அடுத்த ஆளை வரச் சொல்லுங்க" என்றார்.