மாமா சொல்லாமல் விட்ட காட்சி

உங்கள் அத்தை பல்லியைப் பார்த்தால் கட்டில் மேல் ஏறிக்கொள்கிறாள் என்று சிரிக்கிறீர்கள். ஆனால் பிறப்பதற்கு முன்பே, அம்மா வயிற்றில் இருந்தபடி, முழுப் பேய்ப் படம் ஒன்றைப் பார்த்து முடித்தவள் அவள். அதை உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. பென்னாகரம் போகிற ரோட்டில் எங்கள் ஊர். அம்மா ஏழு மாதக் கர்ப்பமாக இருந்தாள். அதற்கு முன் இரண்டு முறை தர்மபுரி ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு திரும்பி வந்திருந்தாள். அதனால் இந்தத் தடவை வீட்டில் ஒரே கெடுபிடி. அப்பாவின் அண்ணியான பெரியம்மாதான் எல்லாவற்றுக்கும் அதிகாரி. அம்மாவைக் குடம் தூக்க விடமாட்டாள், கல்யாணம் காரியத்துக்கு அனுப்பமாட்டாள். கதவுக்குப் பின்னால் ஒளிந்திருந்து நான் ஒரு நாள் ‘பே’ என்று கத்தினதற்குத் துடைப்பக்கட்டையால் வாங்கினேன். பிள்ளைத்தாச்சி திடுக்கிடக் கூடாது. அது வீட்டுச் சட்டம்.

இன்னொரு சட்டமும் இருந்தது. பிள்ளைத்தாச்சி ஆசைப்பட்டுக் கேட்டால் இல்லை என்று சொல்லக் கூடாது. மற்றவர்கள் மாங்காய் கேட்பார்கள், புளி கேட்பார்கள். என் அம்மா பேய்ப் படம் கேட்டாள்.

கடலைக்காய் பிடுங்கி முடிந்த கையோடு ஊருக்கு வெளியே சினிமாக் கொட்டாய் போட்டிருந்தார்கள். அடுத்து வரப்போகிற படத்துக்கு வண்டியில் தமுக்கடித்து நோட்டீஸ் வீசிப் போனார்கள். தலைவிரி கோலமாக ஒருத்தி, கீழே ‘பலவீனமானவர்கள் பார்க்க வேண்டாம்’ என்ற எச்சரிக்கை. அம்மா அதை மடித்துக் கூரையில் செருகி வைத்துக்கொண்டு, தினமும் எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

“சாமி படம் வரட்டும், நானே கூட்டிக்கிட்டுப் போறேன்” என்றாள் பெரியம்மா.

“சாமி படத்து மேல ஆசை வரலீங்களே அக்கா, நான் என்ன பண்ணட்டும்?”

இரண்டு சட்டமும் இப்படி முட்டிக்கொண்டு நின்றன. அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விட்டார்.

வழி கண்டுபிடித்தவர் அம்மாவின் தம்பி, என் மாமா. பென்னாகரத்தில் சைக்கிள் கடையில் வேலை. அந்தப் படம் அப்போது அங்கேதான் ஓடிக்கொண்டிருந்தது. “தெரியாதது திடீர்னு வந்தாத்தானுங்க பயம்? நான் போய்ப் பாத்துட்டு வந்து, எது எது எப்ப வருதுன்னு அக்காகிட்ட முன்னாடியே சொல்லிடுறேன்” என்றார். பெரியம்மா யோசித்து, சரி என்றாள்.

அதன் பிறகு மாமா ஒரு நாள் படம் பார்ப்பார், மறுநாள் வேலை முடிந்ததும் சைக்கிளில் எங்கள் ஊருக்கு வந்து, பார்த்ததை வாசலில் நடித்துக் காட்டுவார். விட்டுப்போனதைப் பார்க்க மறுபடியும் போவார். பெரியம்மாவின் வெள்ளைச் சேலைதான் பேய். “இங்க நாய் ஊளையிடும் அக்கா. கதவு தானா தொறக்கும். பயப்படாத, காத்துதான்.” தெருவே கூடி உட்கார்ந்து கேட்டது. முடித்ததும் இருட்டில் பென்னாகரம் திரும்புவார். ஏரிக்கரை தாண்டும் வரை விடாமல் மணி அடித்துக்கொண்டே போவார். அதைக் கேட்டு நானும் அம்மாவும் சிரிப்போம்.

எனக்குக் கோபமும் இருந்தது. பேய்ப் படம் பார்த்தும் நான் பயப்படவில்லை என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொள்ள வேண்டும். பயமே வராத படத்துக்குப் போய் என்ன பெருமை? காதைப் பொத்திக்கொண்டேன். ஆனாலும் விரல் இடுக்கில் கதை நுழைந்துவிட்டது.

படம் எங்கள் ஊருக்கு வந்ததும் முதல் ஆட்டத்துக்கே போனோம். ஆண்கள் பக்கத்துக்கும் பெண்கள் பக்கத்துக்கும் நடுவில் இடுப்புயரத்துக்குத் தட்டி. அம்மாவும் பெரியம்மாவும் நானும் தட்டிக்கு இந்தப் பக்கம் மணலில். மாமா அந்தப் பக்கம், தட்டியை ஒட்டி. ஒற்றை மெஷின் என்பதால் ரீல் மாற்ற அடிக்கடி விளக்குப் போடுவார்கள். அப்போதெல்லாம் அடுத்த ரீலில் வருவதை மாமா ஒரு முறை ஒப்பித்துவிடுவார்.

பேய் என்ன செய்யும் பாவம். அது கதவைத் திறப்பதற்கு முன்பே எங்கள் தெருப் பெண்கள், “இப்பத் தொறக்கும் பாரு” என்றார்கள். படத்தில் பேய் விளக்கை அணைக்க வந்தபோது ஒருத்தி, “ஊதித் தொலை, எங்க தூக்கம் கெடுது” என்றாள். இன்னொருத்தி பேயின் சேலையைப் பார்த்து, “இந்த வெளுப்பு எந்த வண்ணான் வெளுத்தது, நம்மளுக்கு வர மாட்டேங்குதே” என்று விசாரித்தாள். வெளியூர்க்காரர்கள் முதலில் அதட்டினார்கள், பிறகு அவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

கடைசி ரீலில் கதாநாயகி கிணற்றில் தண்ணீர் சேந்தப் போனாள். பின்னணி இசையில் வீணையோ என்னவோ ஒரு கம்பியை இழுத்தார்கள். யாரும் எதுவும் சொல்லவில்லை. ஏனென்றால் இந்த இடத்தை மாமா சொல்லியிருக்கவில்லை. கிணற்றுக்குள்ளிருந்து ஒரு கை மெதுவாக மேலே வந்தது. அம்மாவின் விரல்கள் என் கையை நெரித்தன. பெரியம்மா அம்மாவின் கண்ணைப் பொத்தத் திரும்பினாள்.

அதற்குள், “ஐயோ அக்கா” என்று ஒரு அலறல். தட்டியைத் தள்ளிச் சாய்த்துக்கொண்டு மாமா பெண்கள் பக்கம் வந்து விழுந்தார். நேராகப் பெரியம்மா மடியில்.

“எந்திரிடா எரும” என்று பெரியம்மா அவர் முதுகில் ஒன்று வைத்தாள்.

முதலில் சிரித்தது அம்மாதான். பிறகு கொட்டாயே சிரித்தது. கிணற்றுக் கையை அதற்கப்புறம் யாரும் கவனிக்கவில்லை. “அக்காளச் சிரிக்க வைக்கத்தான் அப்படிப் பண்ணேன்” என்று மாமா மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தார். நானும் நம்பினேன்.

இரண்டு மாதம் கழித்து உங்கள் அத்தை பிறந்தாள். அம்மா நிறைகையோடு வீட்டுக்கு வந்தாள்.

அத்தையின் கல்யாணத்தன்று, பந்திக்கு இலை போட்டுக்கொண்டே மாமாவிடம் கேட்டேன், அந்த ஒரு இடத்தை மட்டும் ஏன் சொல்லாமல் விட்டீர்கள் என்று.

“அதுக்கு முன்னாடி அத நான் பாத்ததே இல்லையே மாப்ளே. அந்தக் கம்பிச் சத்தம் வந்தாலே கண்ண இறுக்கி மூடிக்குவேன். இன்னிக்காவது தொறந்து வச்சுப் பாத்துரணும், அக்காகிட்ட சொல்லணும்னுதான் மறுபடி மறுபடி போனேன். முடியல. அன்னிக்கு நம்ம கொட்டாய்லதான் மொதத் தடவையா கண்ணத் தொறந்து வச்சிருந்தேன்.”

அப்போதுதான் எனக்கு ஏரிக்கரை ஞாபகம் வந்தது. இருட்டில் அவர் தனியாகப் போகும்போது விடாமல் கேட்ட அந்த மணியை, நாங்கள் சிரிப்பதற்காகத்தான் அடிக்கிறார் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.