அரங்கநாதனின் வெளிநாட்டு கார்டு

அரியலூர் சிமெண்டு ஆலை ஆபீசர் அரங்கநாதன், கிரெடிட் கார்டு வாங்கிய நாள்முதல் மெல்லிய டெரிலின் சட்டையைத்தான் போட்டார். பையிலிருக்கும் கார்டு வெளியே தெரிய வேண்டுமே. 1986இல் சிங்கப்பூரில் இருக்கும் தங்கையைப் பார்க்கக் கிளம்பியபோது, "மாப்ளகிட்ட சல்லிக்காசு கேக்க மாட்டேன், கார்டு இருக்கு" என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டுப் போனார்.

அங்கே மாப்பிள்ளையோடு கடைக்குப் போய், டேப் ரெக்கார்டர் ஒன்றைப் பொறுக்கிக் கார்டை நீட்டினார். கடைக்காரப் பெண் அதைத் திருப்பிப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். இந்தியாவிலும் நேபாளத்திலும் மட்டுமே செல்லும் என்று பின்பக்கம் அச்சடித்திருந்தது. முன்பக்கத்தில் தன் பெயரைத் தவிர அவர் எதையும் படித்ததில்லை.

"தங்கச்சிய நேபாளத்துலதான் கட்டிக் குடுத்திருக்கணும் மச்சான்" என்றபடி மாப்பிள்ளை பணத்தை எடுத்தார்.

அரியலூர் ஸ்டேஷனில் இறங்கியதும், "கார்டு செல்லுச்சா சார்?" என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள்.

"நீட்டுன ஒடனே பணம் வந்துடுச்சுப்பா."

வந்தது மாப்பிள்ளையின் பையிலிருந்து என்பதை மட்டும் சொல்லவில்லை.