ஐஸ் கம்பெனியின் பின்பக்க வீடு

கல்யாணமாகி நான் குடிவந்த வீடு, மலையடிவாரத்தில் வேங்கிக்கால் பக்கம் இருந்த ஒரு குளிர்பதனக் கிடங்கின் பின்னால் இருந்தது. ஊரில் எல்லோரும் அதை ஐஸ் கம்பெனி என்பார்கள். ஆனால் ஒரு ஐஸ் கட்டிகூட அங்கே செய்ததில்லை. புளியும் மிளகாயும், வெளியூரிலிருந்து லாரியில் வரும் உருளைக்கிழங்கும்தான் உள்ளே இருந்தன. என் கணவர் அங்கே மெஷின் ஆபரேட்டர். எழுபதுகளின் கடைசி அது. சுற்றிலும் மல்லாட்டைக் கொல்லைகள்; வேர்க்கடலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள். இப்போது இருக்கிற ஆபீஸ்களும் வீடுகளும் அப்போது கிடையாது.

வந்த புதிதில் ஒருநாள் என்னைக் கிடங்குக்குள் கூட்டிப்போனார். வெளியே மலைப்பாறை காய்ந்து, அந்தச் சூடு ஊர்மேல் இறங்கிக்கொண்டிருந்த சித்திரை மாதம். ஒரு சாண் தடிமனான கதவை இழுத்துத் திறந்தார். உள்ளே காலை வைத்ததும் முதலில் என் மூக்குத்தி சில்லிட்டது. அதுவரை குளிர் என்றால் மார்கழிக் காலையில் கிணற்றடியில் படுகிறது மட்டும்தான் எனக்குத் தெரியும். இருட்டில் மூட்டை மூட்டையாகப் புளி. கூரையை ஒட்டி ஓடிய குழாய்களில் உப்பு அப்பினாற்போல் பனி.

"புடிச்சிருக்கா?" என்று கேட்டார். தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். அன்றைய பேச்சு அவ்வளவுதான்.

அவர் அப்படித்தான். மெஷின் சத்தத்தில் வாய் பேசிப் பிரயோஜனமில்லை என்று வருஷக்கணக்காகக் கையாலேயே பேசிப் பழகியவர். வீட்டிலும் அதே. சோறு போதும் என்றால் உள்ளங்கையைக் காட்டுவார். தண்ணீர் வேண்டுமென்றால் சொம்பைத் தட்டுவார். நானோ எந்நேரமும் பேச்சும் சிரிப்புமாக இருந்த வீட்டிலிருந்து வந்தவள். இவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு, நானும் கையைக் காட்டக் கற்றுக்கொண்டேன்.

எனக்குப் பேச்சுத்துணை ஒரு அம்மாதான். செங்கம் பக்கத்துக்காரர். தன் நிலத்தில் நின்ற புளியமரங்களின் புளியை எங்கள் கிடங்கில்தான் போட்டுவைப்பார். புதுப்புளி வெளியே இருந்தால் கோடையிலேயே கறுக்க ஆரம்பித்துவிடும், குளிரில் வைத்தால் பறித்த நிறம் மாறாது. அதை முதலில் அவர் நம்பவில்லை. சந்தைக்கு வரும்போதெல்லாம் கட்டிக்கொடுத்த பெண்ணைப் பார்க்க வருவதுபோல் வந்துவிடுவார்.

"எம் புளிய ஒரு தடவ பாத்துட்டுப் போறேம்மா."

"போன வாரந்தான பாத்தீங்க?"

"போன வாரம் போன வாரம். இன்னிக்கு இன்னா ஆச்சோ, யாரு கண்டா."

அடுத்த வருஷக் கோடையில் ஒரு மத்தியானம் அவர் வந்திருந்தார். முற்றத்துக் கொட்டகையில் பெண்கள் புளியில் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் இருவரும் அவர்களோடு உட்கார்ந்திருந்தோம். மெஷின் ரூமிலிருந்து புஸ்ஸென்று ஒரு சத்தம். மறு நிமிஷம் கண்ணில் மிளகாய்த்தூள் விழுந்ததுபோல் எரிந்தது. குழாய்க்குள் ஓடுகிற அமோனியா கேஸ் வெளியே வந்துவிட்டது.

என் கணவர் வாசலுக்கு ஓடிவந்தார். அவர் கத்தி நான் கேட்டது அன்றுதான்.

"மலப்பக்கம் ஓடுங்க. காத்து அங்கேந்துதான் வருது. யாரும் இந்தப் பக்கம் வராதீங்க."

துண்டைத் தொட்டியில் முக்கி முகத்தில் சுற்றிக்கொண்டு திரும்ப உள்ளே போனார். உள்ளே ஒரு வால்வை மூடினால்தான் கேஸ் நிற்கும். நாங்கள் எல்லோரும் வேலியோரம் போய் நின்றோம். சத்தம் நின்றது. ஆனால் அவர் வரவில்லை. நான் புடவைத் தலைப்பை வாயில் பொத்திக்கொண்டு ஓடினேன். சுவரைத் தடவித் தடவி அவர் வெளியே வந்துகொண்டிருந்தார். அந்த அம்மாவும் பின்னாலேயே ஓடிவந்திருந்தார். இரண்டு பேரும் அவரைத் தொட்டிக்கு இழுத்துப்போய், கண்ணில் தண்ணீரை மொண்டு மொண்டு ஊற்றினோம்.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணுக்கும் மருந்து போட்டுக் கட்டி, வீட்டுக்கு அனுப்பினார்கள். கட்டைப் பிரித்தால்தான் எதுவும் சொல்ல முடியும் என்றார் டாக்டர்.

மறுநாள் வேலூரிலிருந்து மெக்கானிக் வந்து குழாயைச் சரிபண்ணிவிட்டுப் போய்விட்டார். ஆனால் மெஷினை ஓட்ட ஆளில்லை. இன்னொரு ஆபரேட்டர் தன் கல்யாணத்துக்காக ஊருக்குப் போயிருந்தார். கிடங்கு அறைகளில் குளிர் குறைந்துகொண்டே வந்தது. கிடங்கு முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார்.

"என்னய மெஷின் ரூம்ல கொண்டுபோய் உக்கார வைங்க," என்றார் என் கணவர். "காது நல்லாத்தான் இருக்கு."

"கண்ணும் கையும் வேணுமேப்பா?"

"இவ இருக்கா."

முதலாளி என்னைப் பார்த்தார். "நான் பண்றேங்க," என்றேன்.

மெஷின் ரூமில் என் கணவருக்கு ஒரு நாற்காலி போட்டு, தோளைப் பிடித்து உட்கார வைத்தேன். நான் மெஷின் பக்கத்தில் நின்றேன். அங்கேதான் எங்களுக்கு ஒரு சங்கடம் வந்தது. கையைக் காட்டினால் அவருக்குத் தெரியாது. காதருகில் குனிந்து வாய்விட்டுச் சொன்னால்தான் உண்டு.

"குழாய்ல பனி எதுவரைக்கும் வந்திருக்கு?"

"மெஷினுக்கு ஒரு ஜாண் தள்ளி நிக்குதுங்க."

"ரொம்பக் கிட்ட வந்துட்டுது, மெஷினத் தொட்டா ஆபத்து. வால்வக் கொஞ்சம் கம்மி பண்ணு. ஜாஸ்தி திருப்பிடாத."

திருகுவேன். அவர் தலையைச் சாய்த்துக் கேட்பார். முகம் தெளிந்தால் சரி என்று அர்த்தம். மெஷின் ஒழுங்காக ஓடும் நேரத்தில் சும்மா இருக்க முடியாமல் பேச்சு வளர்ந்தது. அம்மா முகம் தனக்குச் சரியாக ஞாபகமில்லை என்றார். பேசுகிற ஆளே இல்லாத வீட்டில் வளர்ந்ததாகச் சொன்னார். ஒருநாள் திடீரென்று கேட்டார்.

"பொண்ணு பாக்க வந்தப்ப உள்ரூம்ல ஒரு சிரிப்பு கேட்டுச்சு. அது நீயா?"

"நாந்தாங்க. தங்கச்சி காப்பியில சக்கரைக்குப் பதில் உப்பப் போட்டுட்டா. அதக் குடிச்சிட்டு நீங்க ஒண்ணுமே சொல்லல."

"சொன்னா பொண்ணு இல்லன்னுடுவாங்களோன்னு பயந்தேன்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிப்பு வந்த பக்கமாக முகத்தைத் திருப்பி, கட்டுக்கண்ணோடு அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கட்டுப் பிரித்தபோது வெளிச்சம் பட்டுக் கண்ணீர் கொட்டியது. "தெரியுதுங்களா?" என்று கேட்டேன். "புடவ பச்ச கலரு," என்றார். அது நீலப்புடவை. டாக்டரும் நானும் பயந்துபோனோம். இரண்டொரு நாளில் எல்லாம் சரியாகிவிட்டது. இடது கண் மட்டும் காற்றடித்தால் கலங்கும்.

ஆடியில் அந்த அம்மா தன் மூட்டையைப் பிரித்து ஒரு கொத்துப் புளியை உடைத்துப் பார்த்தார். நிறம் மாறவில்லை. அதை அப்படியே என் கையில் வைத்து அழுத்திவிட்டுப் போனார். இன்னொரு ஆபரேட்டர் வந்த பிறகும் சாப்பாட்டோடு நான் மெஷின் ரூமுக்குப் போவது நிற்கவில்லை. முதலாளியே எனக்கும் ஒரு ஸ்டூல் போட்டார்.

எண்பதுகளின் நடுவில் முதலாளி கிடங்கை விற்றுவிட்டார். வாங்கியவருக்குக் கட்டிடம்தான் தேவை, மெஷின் தேவையில்லை. என் கணவருக்கு வேலூரில் வேறு வேலை கிடைத்தது. கிளம்புவதற்கு முன்பு எல்லா அறைக் கதவுகளையும் திறந்துவைத்தார்கள். வெளிக்காற்று உள்ளே போகப் போக, அத்தனை வருஷப் பனியும் குழாய்களிலிருந்து உருகி விழுந்து, தரையெல்லாம் தண்ணீராக ஓடியது. அப்போது நாலு வயதான எங்கள் மகள் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதில் குதித்தாள். "சளி புடிச்சிக்கும், வெளிய வா," என்று கூப்பிடப் போன நானும் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினேன்.