அண்ணன் பிடித்த கயிறு

என் அண்ணன் தணிகாசலத்துக்கு உலகத்துப் பெரிய அணைகள் எல்லாம் மனப்பாடம். சீனாவின் மூன்று பள்ளத்தாக்கு அணையில் இருபத்திரண்டாயிரத்து ஐந்நூறு மெகாவாட், பிரேசிலும் பராகுவேயும் பங்கு போட்டுக்கொள்ளும் இதாய்ப்பூவில் பதினாலாயிரம் என்று ஒப்பிப்பான். கொட்டிவாக்கம் குப்பத்தில் வலை உலர்த்தும் இடத்தில் உட்கார்ந்து இதைச் சொன்னால் எவன் கேட்பான்? வீட்டில் ஃபேன் ஓடவில்லை, இவர் சீனாவுக்குக் கரண்டு விடுகிறார் என்று கேலி செய்வார்கள். அவனுக்கு உறைக்கவே உறைக்காது.

நீர்மின் நிலையத்துக்குத் தண்ணீர் போகும் வாயில் ஆளுயரக் கம்பித் தடுப்பு இருக்கும். மரக்கட்டையும் பிளாஸ்டிக்கும் வந்து அதை அடைத்துக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்திவிட்டு ஓர் ஆள் உள்ளே முங்கி அதைச் சுத்தம் செய்ய வேண்டும். அப்படி முங்குகிறவர் என் புருஷன் கதிரேசன். மேலே நின்று அவர் இடுப்புக் கயிற்றைப் பிடிக்கிறவன் என் அண்ணன்.

எங்கள் குடும்பங்களில் முங்குகிறவனின் கயிற்றை அவன் பெண்டாட்டியோடு பிறந்தவன்தான் பிடிப்பான். பெற்ற அப்பன்கூடத் தொடக் கூடாது. தங்கச்சி தாலியறுக்க எந்த அண்ணனும் விடமாட்டான் என்பது கணக்கு. என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் எனக்குச் சமைக்கத் தெரியுமா என்று கேட்கவில்லை. என் அண்ணன் கையை நீட்டச் சொல்லி, புரட்டிப் புரட்டிப் பார்த்தார்கள். அந்த எரிச்சல் எனக்கு இன்னும் தீரவில்லை.

ஆனால் அந்தக் கை லேசுப்பட்டதில்லை. முதல் அணை வேலைக்குப் போனபோது என் வீட்டுக்காரர் கடலில் கட்டுகிற அதே ஈயக்கட்டிகளை அப்படியே இடுப்பில் கட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். உப்புத் தண்ணீர் ஆளைத் தூக்கிக் கொடுக்கும், நல்ல தண்ணீர் அந்த அளவு தூக்காது. கடல்காரனுக்கு அது எங்கே தோன்றும்? மனிதர் விறுவிறுவென்று அடிச்சேற்றுக்குப் போய்விட்டார். கயிறு ஓடுகிற வேகத்திலேயே அண்ணனுக்கு விஷயம் புரிந்துவிட்டது. யாரையும் கேட்காமல் தூக்கிவிட்டான். அன்றிலிருந்து பதினெட்டு வருஷம், அவர்கள் இருவருக்கும் நடுவில் நான்கு சைகைதான். ஓர் இழுப்பு என்றால் நலம், இரண்டு என்றால் கயிறு விடு, மூன்று என்றால் மேலே வருகிறேன், நான்கு என்றால் உயிர் போகிறது, தூக்கு. பேசுவதற்கு ஒயர் வைத்த கருவியும் உண்டுதான். அது கொரகொரத்து நின்றுவிட்டால் கயிறுதான் கதி.

போன வைகாசியில் தியாகராய நகர் கம்பெனி ஒன்று ஆப்பிரிக்காவில் ஒரு பேரணையில் இரண்டு வருஷ வேலைக்கு இருவரையும் கூப்பிட்டது. அண்ணன் தரையில் நடக்கவில்லை. அந்த அணையின் உயரம், அகலம், மெகாவாட் என்று அடுப்படி வரை வந்து பேசிக்கொண்டிருந்தான். பேச்சு சுவாரசியத்தில், அடுப்பில் தளதளவென்று கொதித்த நண்டுக் குழம்புச் சட்டியை வெறுங்கையால் தூக்கிக் கீழே வைத்தான். வைத்துவிட்டுப் பேச்சைத் தொடர்ந்தான்.

நான் அவன் கையைப் பிடித்துப் பார்த்தேன். தோல் கொப்பளித்து எழும்பிக்கொண்டிருந்தது.

"எத்தினி நாளா இப்படி கீது?" என்று கேட்டேன்.

கயிறு பிடித்த கை காய்த்துப்போய்விட்டது, வேறொன்றுமில்லை என்று மழுப்பினான். எட்டு வருஷமாகச் சர்க்கரை இருக்கிறவன். நான் விடாமல் பிடுங்கியபோது கடைசியில் ஒத்துக்கொண்டான். இரண்டு வருஷமாக விரலில் பாதி உணர்ச்சி இல்லையாம். கயிறு கைப்பிடிச் சுவரில் எப்படித் துள்ளுகிறது என்று கண்ணால் பார்த்துத்தான் சமாளித்தானாம். பாவி, அதைச் சொல்லும்போதுகூட இன்னும் பிடிக்க முடியும் என்றுதான் சொன்னான். ஆப்பிரிக்காவில் கயிறு இருட்டுக் குழிக்குள் இறங்கும், அங்கே எதைப் பார்ப்பது என்று கேட்டேன். அவன் மறுபடியும் மெகாவாட்டுக்கே போய்விட்டான்.

என் புருஷனிடம் சொன்னேன். அவர் சாப்பாட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"மச்சான் புடிக்காத கயித்துல நான் எறங்க மாட்டேன்" என்றார்.

இரண்டு நாள் நான் சரியாகத் தூங்கவில்லை. ஒருவன் கை செத்துக்கொண்டிருக்கிறது, இன்னொருவன் அதை நம்பித் தலைகீழாக இறங்குவேன் என்கிறான். நடுவில் என் கழுத்து. இரண்டு பேரையும் துடைப்பத்தால் சாத்தலாம் போல ஆத்திரம் வந்தது.

மூன்றாம் நாள் சாயங்காலம் பாஸ்போர்ட் நகல் வாங்கக் கம்பெனியிலிருந்து குருபிரசாத் வந்தார். மயிலாப்பூர்க்காரர், அக்கிரகாரத்துப் பேச்சு. முங்குவதற்கும் கயிறு பிடிப்பதற்கும் மும்பையில் முறையாகப் படித்தவர். உதவிக்கு அவரும் கூட வருகிறார். எங்கள் வீட்டு மீன் நாற்றத்துக்கு முகம் சுளிக்காமல் தரையில் உட்கார்ந்து மோர் குடித்தார். நான் பரண்மேல் இருந்த பழைய கயிற்றை இறக்கிக்கொண்டு வந்து முன்னால் போட்டேன். அண்ணனும் நீங்களும் இதைப் பிடியுங்கள், நான் உள்ளே நின்று இழுக்கிறேன், யார் சரியாகச் சொல்கிறீர்களோ அவர்தான் இவருக்குக் கயிறு என்றேன். என் புருஷன் முறைத்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"அதுக்கென்னக்கா, பாத்துடலாமே. கயித்த கையில சுத்திண்டு கண்ண மூடிக்கறேன்" என்றார் குருபிரசாத். அண்ணனும் கயிற்றின் நடுப்பகுதியை வாங்கி, அது ஓடுகிற அளவுக்கு இரண்டு கையாலும் பிடித்தான். கண்ணை மூடிக்கொண்டான். முகத்தில் அவ்வளவு நம்பிக்கை.

அடுப்படிக்குள் போய் மறுமுனையை நான்கு முறை இழுத்தேன். மெதுவாக இல்லை, நன்றாகவே இழுத்தேன். அவன் ஜெயித்துவிட வேண்டும் என்று என் மனசு அடித்துக்கொண்டது.

எட்டிப் பார்த்தேன். குருபிரசாத் கண்ணைத் திறந்து, சத்தம் போடாமல் நான்கு விரலைக் காட்டினார். என் புருஷன் அவரைப் பார்க்கவில்லை. கண் மூடி உட்கார்ந்திருந்த தன் மச்சானின் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

இன்னும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டு, என் அண்ணன் பொறுமையாகக் கேட்டான்.

"இன்னாமா தேவானை, எப்பதான் இழுக்கப் போற?"