பிடி என்றால் விடு

ஞாயிற்றுக்கிழமை, காலை ஏழே முக்கால் மணி. கதவைத் திறந்ததும் முதலில் தெரிந்தது ஒரு முதுகு. மர்பி டவுனில் எங்கள் வீட்டு வாசல் அகலமானதில்லை. அந்த முதுகு அதை முழுதாக அடைத்திருந்ததால் எதிர்வீடே தெரியவில்லை. முதுகு திரும்பி, "அண்ணன் கீறாரா பாப்பா?" என்று கேட்டது.

கோலார் தங்கவயலிலிருந்து முதல் ரயிலைப் பிடித்து வந்திருந்தார். அவர் தேடி வந்த அண்ணன் என் மாமா. இவர் மாமாவின் கல்லூரியில் முதலாண்டு மாணவர், மாமாவின் அணியிலும் ஆட்டக்காரர். கேஜிஎஃப் அண்ணன் என்று கூப்பிடு என்றார்கள். நான் அப்போது நான்காம் வகுப்பு.

அவர்கள் ஆடியது அமெரிக்கக் கால்பந்து. பெயரில்தான் கால் இருக்கிறது. இரண்டு முனையும் கூரான பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுவார்கள், இல்லாவிட்டால் தூரத்தில் நிற்பவனுக்கு எறிவார்கள். எறிய வேண்டியவர் மாமா. ஆனால் அவர் எறிந்து யாரும் பார்த்ததில்லை. கோச் சார் ஒவ்வொரு முறையும் ஒரே உத்தரவுதான் கொடுப்பார்: பக்கத்தில் இருப்பவனிடம் பந்தைக் கொடு, அவன் ஓடட்டும், முன்வரிசை எதிரியை முட்டித் தள்ளட்டும். மாமா கொடுத்துக்கொண்டே இருந்தார்.

"நீ காலேஜுக்குப் போறியா, கொரியர் ஆபீசுக்கா?" என்று அம்மா தன் தம்பியைக் கேட்பாள்.

"என்னை நிக்க விட்டாதானேக்கா எறிய முடியும்? பந்தைத் தூக்கறதுக்குள்ள ரெண்டு பேர் வந்து மேல விழறான். இவனுங்களுக்குத் தள்ளத் தெரியும், காப்பாத்தத் தெரியாது."

வீட்டில் தினமும் இதுதான் பேச்சு. மாமாவுக்கு அது கடைசி வருடம், மிச்சம் ஒரே ஒரு ஆட்டம். முன்வரிசை ஒழுங்காகக் காத்து நின்றால் அதில் எறிய விடுகிறேன் என்று கோச் சார் வாக்குக் கொடுத்திருந்தார். முன்வரிசையில் மற்றவர்கள் தேறிவிட்டார்கள். தேறாதவர் மாமாவின் முதுகுப் பக்கத்தைக் காக்க வேண்டிய கேஜிஎஃப் அண்ணன். அதனால்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை வகுப்பு, எங்கள் சந்தில்.

எதிரி நான். தண்ணீர்த் தொட்டி அருகே மாமா பந்துடன் நிற்பார், நான் ஓடிவந்து அவரைத் தொட வேண்டும். நடுவில் அண்ணன். அவர் என்னைப் பிடிக்கக் கூடாது, தள்ளக் கூடாது, வழியை மட்டும் மறைக்க வேண்டும்.

முதல் தடவை அவர் இரண்டடி முன்னால் பாய்ந்தார். நான் பக்கவாட்டில் புகுந்து மாமாவின் முட்டியில் ஓங்கி ஒன்று வைத்தேன்.

"முன்னால வராதடா! பின்னால போ. அவ எங்க வராளோ அங்க போய் நில்லு."

"பின்னால போனா பயந்துட்டான்னு சொல்வாங்கண்ணா."

"யாருடா சொல்வா? பாப்பா சொல்வாளா?"

நான் சொன்னேன். அது உதவவில்லை.

காலை முழுக்க இப்படியே போனது. அவர் பின்னால் போகப் பழகியபோது வேறு வியாதி வந்தது. நான் நழுவினால் போதும், என் கவுனைக் கொத்தாகப் பிடித்துவிடுவார். ஆட்டத்தில் அப்படிப் பிடித்தால் மொத்த அணியும் பத்து கஜம் பின்னால் போக வேண்டும். கையை எடு என்று மாமா சொன்னால் எடுப்பார், அடுத்த முறை மறுபடி பிடிப்பார். மூன்றாவது கவுன் கிழிந்தபோது அம்மா வெளியே வந்து இருவரையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

மாமாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. "அங்க கிரவுண்டுல கோச் சார் அவ்ளோ கத்தறாரு, உனக்குக் காதுல விழுதா இல்லியா?"

"விழுதுண்ணா."

"இன்னா கத்தறாரு?"

"பிடி பிடின்றாரு. பிடிக்கறேன். பிடிச்சா நீங்க திட்றீங்க. நான் யார் பேச்சைத்தான் கேக்கறது?"

மாமா பந்தைக் கீழே போட்டுவிட்டுத் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தார்.

கோச் சார் கன்னடக்காரர். அவர் கத்திய சொல்லையும் நம் 'பிடி'யையும் தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். ஆனால் அவருடைய கன்னடச் சொல்லின் முதலெழுத்து, பம்பரத்தில் வரும் இரண்டாவது 'ப'. அப்படிச் சொன்னால் 'விடுங்கள்' என்று பொருள். கோச் சார் தெருநாயைக்கூட மரியாதையாக விரட்டுகிறவர். மாணவனை 'பிடோ' என்று ஒருமையில் அதட்டியிருந்தால் இந்தக் குழப்பமே வந்திருக்காது. வீட்டிலும் தெருவிலும் தமிழே பேசி வளர்ந்த அண்ணனுக்கு, தலைக்கவசத்துக்குள் கேட்டது தமிழ்ப் பிடி. சார் கத்தக் கத்த அவர் இறுக்கியிருக்கிறார்.

"சீசன் முழுக்கவாடா?" என்றார் மாமா.

"நல்லா கெட்டியா பிடிச்சேண்ணா" என்றார் அண்ணன், பாராட்டை எதிர்பார்த்து.

அதன்பின் சில ஞாயிறுகளுக்குள் என்னால் அவரைத் தாண்டவே முடியவில்லை. உள்ளங்கைகளை விரித்தபடி, நான் போகும் பக்கமெல்லாம் அந்த உடம்பு வழுக்கிக்கொண்டு வந்து நின்றது. ஆத்திரத்தில் ஒருமுறை அவர் கையைக் கடித்தேன். அப்போதும் அவர் பிடிக்கவில்லை.

கடைசி ஆட்டத்துக்கு என்னையும் அழைத்துப் போனார்கள். பின்பாதியில் கோச் சார் வாக்கைக் காப்பாற்றினார். மாமா பந்தை வாங்கிப் பின்னால் வந்தார். அண்ணனை விடப் பெரிய ஒருவன் பாய்ந்து வந்தான். அண்ணன் பின்னால் நகர்ந்தார், கைகளை விரித்தார், நின்றார். அவன் இடப்பக்கம் போனான், அங்கே அண்ணன். வலப்பக்கம் வந்தான், அங்கேயும் அவர்தான். மாமாவைச் சுற்றி ஒரு அறை அளவுக்கு இடம் காலியாக இருந்தது. தூரத்தில் எங்கள் ஆள் ஒருவன் தனியாக நின்று இரண்டு கைகளையும் ஆட்டினான்.

மாமா அவனைப் பார்த்தார். பந்தைத் தூக்கினார், இறக்கினார், மறுபடி தூக்கி எறிந்தார். அது தள்ளாடிக்கொண்டே போய்ப் பாதி தூரத்தில் விழுந்தது. இன்னொரு முறை எறிந்தார். இந்தத் தடவையும் யாரும் அவரை நெருங்கவில்லை. பந்து அதற்கும் முன்பே விழுந்தது. பிறகு அவரே ஓரத்துக்குப் போய்க் கோச் சாரிடம் ஏதோ சொன்னார். மறுபடி ஓட்டம்தான். மைதானத்தில் கோச் சார் மட்டும் ஆச்சரியப்படவில்லை. அதுவும் அவருடைய மரியாதை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆட்டோவில் திரும்பும்போது எனக்குக் கோபம் தாங்கவில்லை. "கையை ஆட்டின அந்த ஆளு ஏன் மாமா அவ்ளோ தூரத்துல போய் நின்னான்?"

"ஆமா பாப்பா. ரொம்ப தூரமா நின்னுட்டான்."

கேஜிஎஃப் அண்ணன் வெளியே பார்த்துக்கொண்டு, "நான்தான் வந்தவனை இன்னும் கொஞ்ச நேரம் நிறுத்தியிருக்கணும்ணா" என்றார்.

"நீ சும்மா இர்றா" என்றார் மாமா.

அண்ணன் சொன்னதைத்தான் நான் நம்பினேன். கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் அவர் இறங்கியபோது நான் டாட்டா காட்டவில்லை.

மறுநாள் காலை அம்மா மாமா ஆட்டத்துக்குப் போட்டுப்போன வெள்ளைச் சட்டையை அழுக்குத்துணி வாளியிலிருந்து எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். எங்கும் ஒரு பொட்டு மண் இல்லை. துவைக்காமலே மடித்து அலமாரியில் வைத்தாள்.