பனிக்குள் "ஏங்க!" என்று கூப்பிட்டால்: கரியாலூர் சைக்கிள் பாதை அனுபவம்

பொங்கல் வியாபாரம் முடிந்த கையோடு கடைக்கு ஒரு நாள் பூட்டு போட்டுவிட்டு, தை மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில் கல்வராயன் மலைக்குப் போய் வந்தோம். நாங்கள் என்றால் நானும் என் வீட்டுக்காரரும். கள்ளக்குறிச்சியில் வளையல், பொட்டு, கிளிப் விற்கிற கடை எங்களுடையது. அட்டைப்பெட்டித் தூசியிலேயே உட்கார்ந்து உட்கார்ந்து அவருக்கு வீசிங் வந்துவிட்டது. "மெதுவா நடங்க, சைக்கிள் ஓட்டுங்க, ஆனா பனியில போகாதீங்க" என்றார் டாக்டர். முதல் பாதி மட்டும்தான் இவர் காதில் விழுந்தது.

கரியாலூர் பக்கம் ஒரு பழைய வண்டிப்பாதையைச் செம்மண் கொட்டி, ரோலர் ஓட்டிச் சமப்படுத்தி, நடப்பவர்களுக்கும் சைக்கிள்காரர்களுக்கும் விட்டிருக்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வந்தது. அதில் மேகம் பாதை மேலேயே இறங்கி நிற்கிறது, ஆட்கள் அதற்குள் சைக்கிளோடு நுழைகிறார்கள். அதைப் பார்த்ததில் இருந்து மனிதருக்கு இருப்புக் கொள்ளவில்லை. எனக்கோ டாக்டர் சொன்ன இரண்டாம் பாதிதான் ஞாபகம் வந்தது.

கார் வாடகை நாள் முழுக்க 2,400 ரூபாய், டீசல் உட்பட. காலை ஐந்தரைக்குக் கிளம்பினோம். டிரைவர் ஏழுமலை வடக்கனந்தல்காரர். கச்சிராயபாளையத்தில் டீ குடித்துவிட்டு, கோமுகி அணையைத் தாண்டி மலை ஏறத் தொடங்கியதுமே கண்ணாடியில் ஆவி படிந்துவிட்டது.

"பாய், கண்ணாடிய ஏத்திக்கோங்க. மேல பனி ஜாஸ்தி. நேத்து லைட்டு போட்டுக்கினேதான் ஏறினேன்," என்றார் ஏழுமலை.

"பனி கம்மியானா நாங்க எதுக்கு வரோம்?" என்றார் இவர், குரங்குக் குல்லாவை இழுத்து விட்டுக்கொண்டு. பின் சீட்டில் நான் தெரிந்த துஆக்களை எல்லாம் ஓதிக்கொண்டிருந்தேன். வாந்தி வருகிறவர்கள் எலுமிச்சம்பழம் வைத்துக்கொள்ளுங்கள், வளைவுகள் நிறைய.

ஏழே கால் மணிக்குப் பாதையின் வாசலில் இறங்கினோம். ஆளுக்கு இருபது ரூபாய் டிக்கெட். சைக்கிள் வாடகை மணிக்கு அறுபது. சுற்றி வந்தால் ஐந்து கிலோமீட்டர். முதல் ஒன்றரை கிலோமீட்டர் நேராகப் போய், பிறகு பாதை இடதும் வலதுமாகப் பிரிந்து, அந்தப் பக்கம் மறுபடி ஒன்றாகச் சேர்கிறது. நடப்பவர்கள் இடது ஓரம், சைக்கிள் வலது ஓரம் என்று போர்டு இருக்கிறது. ஆடுகளுக்குப் போர்டு படிக்கத் தெரியாததால் அவை நடுவில் வருகின்றன. பால் கேன் கட்டிய பைக்கும் வருகிறது. பாதை என்னவோ நன்றாகத்தான் இருக்கிறது, ஒரு கல் இல்லை, குழி இல்லை. செருப்பில்லாமல்கூட நடக்கலாம், குளிர் விட்டால்.

"நீ மெதுவா நட. நான் ஒரு ரவுண்டு போய்க்கினு வந்துடறேன்," என்று சைக்கிளில் ஏறினார். பத்து மிதி மிதித்திருப்பார், ஆளைக் காணோம். பனி அப்படி. நீட்டிய கையின் வளையல் தெரிகிறது, அதற்கப்பால் வெள்ளை.

நானும் பயத்தை விழுங்கிக்கொண்டு நடந்தேன். ஒரு போட்டோ எடுக்கலாமே என்று போனுக்காகக் கைப்பையைத் துழாவியபோது, விரலில் இன்ஹேலர் தட்டுப்பட்டது. பேன்ட் பாக்கெட் புடைக்கிறது என்று காரில் வரும்போது என்னிடம் கொடுத்து வைத்திருந்தார். போனை எடுத்து அவரைக் கூப்பிடப் பார்த்தேன். போனில் டவர் இல்லை. இந்தக் குளிரில் மிதித்துக்கொண்டு போகிற மனிதருக்கு மூச்சு பிடித்துக்கொண்டால், மருந்து என் பையில் இருக்கிறது, ஆள் எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை. புர்காவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

பாதை பிரிகிற இடம் வந்ததும் நின்றுவிட்டேன். இடமா, வலமா? "ஏங்க!" என்று கத்தினேன்.

"இன்னா?" என்று வலது பக்கமிருந்து பதில் வந்தது. அல்ஹம்துலில்லாஹ் என்று அந்தப் பக்கம் ஓடினேன். "ஏங்க, அங்கயே நில்லுங்க!" என்றேன். "நின்னுக்கினுதான கீறேன்," என்றது பனி. கிட்டே போய்ப் பார்த்தால் மஃப்ளர் சுற்றிய வேறொருவர். திருக்கோவிலூரில் இருந்து வந்தவராம். அவர் மனைவியும் அவரை "ஏங்க" என்றுதான் கூப்பிடுவாராம். நான் இன்ஹேலரைக் காட்டி விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் வேறு திசையில் இருந்து இன்னொரு "ஏங்க!" கேட்டது. "இதுதான் எங்க வூட்டு சத்தம். நீங்க அந்தப் பக்கம் பாருங்கக்கா, இந்த வழியில சைக்கிளு எதுவும் வர்ல," என்று இடது பாதையைக் காட்டிவிட்டு அவர் போனார்.

திரும்பி ஓடி வந்து இடது பாதையில் இறங்கினேன். ஊரில் உள்ள அத்தனை புருஷன்மார்களுக்கும் பொதுவான பெயரை வைத்துக்கொண்டு எப்படித் தேடுவது? எங்களில் அப்பாவை அத்தா என்போம். மகள் பெயரைச் சேர்த்து, "ஷாகிரா அத்தா! ஷாகிராத்தா!" என்று கூப்பிட்டேன். பனிக்குள் இருந்து என் வயதில் ஒரு பெண் நாலைந்து ஆடுகளோடு வந்தாள்.

"ஆத்தாளயா தேடுற? இந்தப் பக்கம் வயசான பொம்பள யாரும் வர்லியே."

"ஆத்தா இல்லம்மா. அத்தா. என் வூட்டுக்காரு. சைக்கிள்ல போனாரு. மூச்சு நோவு அவருக்கு."

"ஆம்பளையா? ஆத்தான்னு கூவினா எந்த ஆம்பள திரும்புவான்? பேரச் சொல்லிக் கூப்புடு."

எங்களுக்குக் கல்யாணமாகி இருபத்தோரு வருடம். அவர் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. ஆஸ்பத்திரியில் கேட்டால் ஆதார் கார்டை எடுத்து நீட்டுவேன். யாரும் சொல்லக்கூடாது என்று தடுத்ததில்லை, பழக்கம், அவ்வளவுதான். அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தேன், காற்றுதான் வந்தது. மறுபடி திறந்தேன். "ஜா" என்று வந்து நின்றுவிட்டது. அவர் எங்கோ மூச்சுக்குத் திணறிக்கொண்டிருக்கலாம், நான் இங்கே வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறேன் என்று என் மீதே ஆத்திரமாக வந்தது.

"ஜாபர்!" என்று கத்தினேன். "ஜாபர்! ஜாபர்!"

பதிலுக்கு அவர் குரல் வரவில்லை. ஆனால் கீழே, வளைவுக்கு அந்தப் பக்கம், ஒரு சைக்கிள் பெல் அடித்தது. நிற்காமல் அடித்தது.

ஓரத்துப் புல்லில் உட்கார்ந்து, சைக்கிளை மடியில் சாய்த்துக்கொண்டு, பெல்லில் கட்டைவிரலை வைத்திருந்தார். தோள்கள் ஏறி ஏறி இறங்கின. உதட்டில் ரத்தமே இல்லை. இன்ஹேலரை வாயில் வைத்து அழுத்தினேன், சற்று விட்டு இன்னொரு முறை. ஆட்டுக்காரப் பெண் முதுகைத் தடவிக்கொடுத்தாள். எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை, நெஞ்சுக்குள் கேட்ட விசில் சத்தம் குறைந்து மூச்சு சீரானது.

முதலில் அவர் பேசியது இதுதான்: "மொதல்ல ஏங்க ஏங்கன்னு கேட்டுது. யாரோ யாரையோ கூப்புடறாங்கன்னு நெனச்சேன். அப்புறம் பேரக் கேட்டதும், என்னப் பேரு சொல்லிக் கூப்புடறது எங்க அக்கா மட்டும்தானே, அவ இங்க எப்படி வந்தான்னு பயந்துட்டேன்." நான் அவர் தோளில் ஒரு அடி வைத்தேன், பிறகு அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

மெல்ல நடந்து திரும்பி வந்ததும், ஏழுமலை காரை வாசல் வரை கொண்டுவந்து ஏற்றிக்கொண்டார். நேராகக் கள்ளக்குறிச்சி ஆஸ்பத்திரி. ஒரு மணி நேரம் வைத்திருந்து அனுப்பிவிட்டார்கள்.

போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். பாதை அருமை, நிச்சயம் போங்கள். ஒன்பதரைக்கு மேல் போனால் பனி கலைந்து பள்ளத்தாக்கு தெரியுமாம். வாசலைத் தாண்டினால் டவர் இல்லை. வீசிங் இருப்பவர்கள் மருந்தைத் தங்கள் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள், புடைத்தால் புடைக்கட்டும். பெல் வேலை செய்கிற சைக்கிளாகப் பார்த்து எடுங்கள்.

என்னைப் போன்ற பெண்களுக்கு மட்டும் ஒன்று. கிளம்புவதற்கு முன், சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டாவது, அவர் பெயரை நாலு தடவை உரக்கச் சொல்லிப் பார்த்துவிடுங்கள். மலையில் போய் முதல் தடவையாகச் சொல்ல நின்றால், பெயர் வருவதற்குள் ஆள் போய்விடலாம்.